கட்டுப் போட்ட பருந்துகள்

என் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த டாக்டர் கோலாலம்பூரில் பெரிய ஆள். லண்டனில் படித்தவர். தையல் பிரித்த அன்று அவரிடமே சொன்னேன்: "டாக்டர், வெட்டறதுல நீங்க கெட்டிக்காரர்தான். ஆனா கட்டுப் போடறதுல எங்க எஸ்டேட் டிரஸர் பக்கத்துல நிக்க முடியாது." அவர் சிரித்தார். நர்ஸ் முறைத்தாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மனதில் பட்டதை எந்தக் கொம்பனிடமும் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே மலைமேல் பிரிஞ்சாங் ஊரில் கடைகளும், காய்கறி ஏற்றிக்கொண்டு மலை இறங்க என் பெயர் போட்ட லாரிகளும் வாங்கியவன். அதனால் டிரஸரைப் பற்றியும் மனதில் பட்டதைத்தான் சொல்லப் போகிறேன். சிக்கல் என்னவென்றால், அவர் விஷயத்தில் என் மனதில் பட்டது ஒன்றாக இல்லை.

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் என்று ஒருவர் எப்போதாவது கீழேயிருந்து காரில் வருவார். மற்ற நாளெல்லாம் டிரஸர்தான். காயத்துக்குக் கட்டு, காய்ச்சலுக்கு ஊசி, பிரசவத்துக்கு மருத்துவச்சியை அதட்டுவது, எல்லாமே அவர். நெட்டையான ஒல்லி உடம்பு. வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே ஒரு அரக்கு நிற ஸ்வெட்டர். மலைக் குளிருக்கு அதைக் கழற்றியே நாங்கள் பார்த்ததில்லை. தைப்பிங் பக்கத்திலிருந்து தனியாக வந்தவர், தனியாகவே இருந்தார். பெண்சாதி பிள்ளை உண்டா என்று கேட்டவர்களுக்கு, "ஆஸ்பத்திரி நெறைய இருக்காங்களே, போதாதா?" என்பார்.

துரை பங்களாவிலிருந்து கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து நீள நீளமாகக் கிழிப்பார். அண்டாவில் போட்டு வேகவைத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கொடியில் காயப் போடுவார். மூடுபனி ஏறும்போது அந்தத் துணிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கட்டுப் போட்டு முடிக்கும்போது துணியின் நுனியை மீன் வாலைப்போல இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போடுவார். முடிச்சு எப்போதும் நோயாளியின் கை எட்டாத பக்கமாகத்தான் விழும். காலில் கட்டென்றால் பின்னால், கையில் கட்டென்றால் முழங்கைக்கு மேலே பின்புறமாக. தானாக யாரும் அவிழ்த்துக்கொள்ள முடியாது. அவரேதான் அவிழ்க்க வேண்டும்.

யாராவது, "ஐயா, எனக்குச் சுகமாப் போச்சு, வீட்டுக்குப் போறேன்" என்றால் அவர் சொல்வது ஒன்றுதான்: "வெளியில என்னய்யா இருக்கு? மழை இருக்கு, மலை இருக்கு, மண்டோர் இருக்கான். உள்ள குடிக்கச் சூடா மைலோ இருக்கு. படு."

மண்டோர் என்றால் வேலை வாங்குகிறவன். அவன் வாயிலிருந்து இரண்டு நாள் தப்பிப்பதற்காகவே எங்கள் ஜனங்கள் வயிற்று வலி, இடுப்பு வலி என்று டிரஸரிடம் போவார்கள். பொய் வலி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கட்டில் கொடுப்பார். இரண்டு நாளுக்கு வந்தவனைப் பத்து நாள் வைத்துக்கொள்வார்.

கீழ் லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பெண் இருந்தாள். புருஷன் சம்சு குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் உதடு கிழிந்து வந்தவளைப் படுக்க வைத்து, உதட்டுக்கு மருந்து போட்டதோடு நிற்காமல், நன்றாக இருந்த வலது கைக்கும் மாவுக் கட்டுப் போட்டுவிட்டார். "எலும்புல விரிசல், அசையக் கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னார். புருஷன் வாசலில் வந்து நின்று, "என் பெண்டாட்டிய வெளிய விடுய்யா!" என்று கத்தினான். டிரஸர் எனிமா குழாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"உள்ள வாப்பா. உனக்கும் ஒரு கட்டில் காலியா இருக்கு. சட்டம் என்னன்னா, உள்ள வர்றவனுக்கு மொதல்ல இதக் குடுக்கணும்."

அவன் ஓடிய ஓட்டத்தை எங்கள் லயத்தில் வருஷக்கணக்கில் நடித்துக் காட்டிச் சிரித்தோம். அவள் அங்கே பல வாரம் இருந்து, கன்னத்தில் சதை வைத்து, முகம் தெளிந்து வெளியே வந்தாள். டிரஸரைக் கையெடுத்துக் கும்பிடாத பெண் பிள்ளை எஸ்டேட்டில் இல்லை. ஆனால் மாவுக் கட்டைப் பிரித்தபோது அவளுடைய வலது கை சூம்பியிருந்தது. கொழுந்து வெட்டும் கத்தரியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. புல் பிடுங்குகிற கூட்டத்தில் போட்டார்கள். அது ஏன் அப்படி ஆனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடி பட்ட கைதானே என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். அடி பட்டது உதட்டில் என்பது மறந்துபோயிருந்தது.

என்னையும் ஒருமுறை பிடித்து வைத்தார். பிடரியில் கட்டி. அப்போது நான் கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், காய்கறி லாரியில் கெலிண்டான், அதாவது மூட்டை ஏற்றி இறக்கும் ஆள். கட்டி உடைந்து ஆறிய பிறகும், "இன்னும் ரெண்டு நாள்" என்றார். தவுக்கே ரோட்டில் லாரியை நிறுத்தி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் ஜன்னல் வழியாகக் குதித்து, பிடரிக் கட்டோடு முட்டைக்கோஸ் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து மலையடிவாரத்துத் தாப்பாவுக்குப் போய்விட்டேன். அன்று குதிக்காமல் இருந்திருந்தால் இன்று எனக்கு லாரி ஏது? அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் டிரஸர், "வாப்பா, ஓடிப்போனவனே" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கண் சிரிக்காது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கவ்வாத்துக் காலத்தில், என் அப்பாவின் காலில் கத்தி இறங்கியது. தேயிலைச் செடியின் தலையை மட்டமாக வெட்டிவிடுகிற வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். ஈரத்தில் கால் சறுக்கி, வீசிய கத்தி கணுக்காலுக்கு மேலே பாய்ந்தது. தூக்கிக்கொண்டு போனார்கள். நான் லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்து பார்த்தபோது டிரஸர் தைத்து முடித்துக் கட்டியிருந்தார். அவர் கோட்டெல்லாம் ரத்தம். அன்று அவர் மட்டும் இல்லையென்றால் அப்பா கீழே தாப்பா போய்ச் சேருவதற்குள் செத்திருப்பார். இதை யார் எங்கே கேட்டாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போவேன். அப்பா வெள்ளைக் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மைலோ குடித்துக்கொண்டிருப்பார்.

"எப்படிப்பா இருக்கு?"

"டிரஸர் ஐயா பாத்துக்கறாரு."

"நடந்து பாத்தியா?"

"அவரு சொல்லட்டும்."

அம்மா முன்பே போய்விட்டாள். லயத்து வீட்டில் நான் ஒருவன்தான். நான் வெளி வேலைக்காரன். அந்த வீடு அப்பாவின் வேலைக்குக் கொடுத்த வீடு. எனக்கு அது அப்போது யோசனையிலேயே இல்லை. அப்பா எப்போது எழுந்து வருவார் என்பது மட்டும்தான் யோசனை.

அந்தச் சமயத்தில் எஸ்டேட்டுக்குப் புதிதாக ஒரு சின்ன துரை வந்திருந்தார். அவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று துப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமையானால் பருந்து, வல்லூறு என்று வானத்தில் எது வட்டம் போட்டாலும் சுடுவார், கோழிக் குஞ்சைத் தூக்குகிறது என்று காரணம் சொல்வார். இன்னொன்று திசை காட்டும் காம்பஸ். எஸ்டேட் கிளப் ஆண்டு விழாவுக்கு அவர் ஒரு புது விளையாட்டு வைத்தார். பிஸ்கட் டின்களைத் தேயிலைக் காட்டில் அங்கங்கே ஒளித்து வைப்பது. எந்தத் திசையில், எந்தப் பாறையிலிருந்து, எந்த ஓடைக்கு மேலே என்று இங்கிலீஷில் அடித்த தாளை எல்லோருக்கும் கொடுப்பது. எல்லா டின்னிலிருந்தும் ஒவ்வொரு அடையாள வில்லை எடுத்துக்கொண்டு முதலில் திரும்புகிறவர்களுக்கு ஜப்பான் ரேடியோ.

என் மாமன் மகன் எஸ்டேட் ஆபீசில் வேலை செய்தான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு மலை தெரியும். இரண்டு பேரும் ஜோடி.

"மச்சான், இந்த ஊசி வடக்கக் காட்டுது. நாம கொஞ்சம் கெழக்கால போவணும்லா."

"ஊசியத் தூக்கி சட்டைப் பையில போடு. நான் பொறந்த மலையில எனக்கு ஊசி வழி காட்டணுமா?"

முதல் இரண்டு டின்னையும் நாங்கள்தான் முதலில் எடுத்தோம். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மூன்றாவதற்குத் தாளைப் பார்த்து மச்சான், "ஓடைக்கு மேல பழைய கட்டடம்னு போட்டிருக்கு" என்றான்.

"அம்மை வார்டு" என்றேன் நான்.

"இல்ல மச்சான், பம்பு வீடா இருக்கும். அம்மை வார்டுக்கு யாரு போவா? அங்க செத்தவங்கதான் இருக்காங்க."

"சின்ன துரைக்கு அது தெரியுமா? நட."

எனக்குக் குரல் பெரிது. அதனால் அம்மை வார்டுக்கே போனோம். ஒரு காலத்தில் அம்மை மாதிரி ஒட்டுவாரொட்டி நோய்க்காரர்களைத் தனியாக வைக்கக் கட்டிய இடம். பூட்டி ரொம்ப வருஷம். வழியெல்லாம் புதரும் பெரணிச் செடியும் மூடிக் கிடக்கும் என்று பார்த்தால், மனிதன் தினம் நடக்கிற தடம் சுத்தமாக இருந்தது. ஜன்னல்களில் புதுக் கம்பி வலை. கதவுக்குப் பூட்டு இல்லை, தாழ்ப்பாள்தான். திறந்தேன். முதலில் வந்தது வாடை. டெட்டாலும் பச்சை இறைச்சியும் கலந்த வாடை.

இரும்புக் கட்டில்கள் வரிசையாக இருந்தன. மெத்தை இல்லை. கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில், ஒரு கட்டிலுக்கு ஒன்றாக, பருந்துகள் உட்கார்ந்திருந்தன. தலையில் கொண்டை வைத்த பெரிய பருந்து ஒன்று, பழுப்பு வல்லூறு ஒன்று, இன்னும் பெயர் தெரியாத இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு பக்கத்து இறக்கை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. வெள்ளைத் துணி. அழுக்கே இல்லை. கட்டில் கால்களுக்குக் கீழே எலி வாலும் கோழிக் குடலும்.

அவ்வளவு பெரிய பறவைகள் நான்கு இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. கதவு திறந்ததும் நான்கு தலையும் எங்கள் கையைப் பார்த்தன. முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாடு இருக்கிறதா என்று கையைத்தான் பார்த்தன.

மச்சான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். "மச்சான், வேணாம். போயிரலாம் வா. ரேடியோவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நான் கொண்டைப் பருந்தின் பக்கத்தில் போனேன். கொத்தும் என்று அங்கே கிடந்த ஒரு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டேன். கொத்தவில்லை. முடிச்சு முதுகுப் பக்கம், அலகு எட்டாத இடத்தில் இருந்தது. மீன் வால் முடிச்சு. பேனாக்கத்தியால் அறுத்துத் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன். இறக்கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். துப்பாக்கிக் குண்டு பட்ட இடம் தெரிந்தது. புது இறகு முளைத்து மூடிய பழைய தழும்பு. எலும்பு கூடி, தோல் கூடி, எல்லாம் எப்போதோ சரியாகி இருந்தது.

தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்த உருவத்துக்குக் கனமே இல்லை. தடத்தின் நடுவில் மேலே வீசினேன். பறவை ஒரு கல்லைப் போல இறங்கித் தரையில் மோதி, எழுந்து, அவிழ்த்த இறக்கையை விரிக்கத் தெரியாமல் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தது. நடந்து எங்கே போனது தெரியுமா? வார்டு வாசலுக்கு. படியேறி உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் நின்றது.

மச்சான், "டின்னு இங்க இல்ல மச்சான்" என்றான். அழுகிற குரலில் சொன்னான்.

எனக்கு அப்பாவின் கால்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இறங்கி ஓடினேன்.

அப்பா படுத்திருந்தார். நான் போர்வையை விலக்கி, காலில் இருந்த கட்டின்மேல் கைவைத்தேன்.

"டேய், என்னடா பண்ற? வேணாம்டா. டிரஸர் கோவிச்சுக்குவாரு."

அறுத்தேன். சுற்றுச் சுற்றாகத் துணி வந்தது. உள்ளே காயம் இல்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். பாதம் பச்சைப் பிள்ளையுடையது மாதிரி மெத்தென்று இருந்தது. நாற்பது வருஷம் மலை ஏறிய கெண்டைக்கால், என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

"எப்பப்பா ஆறுச்சு இது?"

அப்பா சுவரைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"அவரு சொல்லட்டும்னு இருந்தேன்."

டிரஸர் கையில் மைலோ கோப்பையோடு உள்ளே வந்தார். தரையில் கிடந்த துணியைப் பார்த்தார். கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, முதலில் குனிந்து துணியை எடுத்துச் சுருட்டினார்.

"அம்மை வார்டுக்குப் போனேன்யா" என்றேன்.

"ம்."

"எங்கப்பாவுக்கு என்ன வியாதி?"

"வியாதி ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்குக் கட்டு?"

"ஓடிப்போனவனே, ஒக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. "நல்லாயிட்டாருன்னு நான் சொன்னா, மறுநாள் காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து நிக்கணும் உங்கப்பா. அந்த வயசுல, தைச்ச காலோட, அந்தச் சரிவுல கவ்வாத்துக் கத்தி புடிக்க முடியுமா? முடியாதுன்னா வேலை இல்ல. வேலை இல்லன்னா லயத்து வீடு இல்ல. வீட்டைக் காலி பண்ணுன்னு மண்டோர் வந்து பெட்டியத் தூக்கி வெளிய வைப்பான். எங்க கூட்டிட்டுப் போவ நீ? தவுக்கே லாரியிலயா படுக்க வைப்ப? இந்தக் கட்டு கால்ல இருக்கற வரைக்கும் அந்த வீடு அவரு வீடு. ஒருத்தனும் கேக்க முடியாது."

அதுவரை எவனும் என்னைப் பேச்சில் அடித்ததில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அந்தப் பருந்துங்களுக்கு எந்த லயத்துல வீடு குடுத்திருக்காங்க ஐயா?"

அவர் முகம் மாறியது. "சின்ன துரை துப்பாக்கியோட சுத்தறான். வெளியில விட்டா சுடுவான்."

"பறக்க முடிஞ்சா தப்பிச்சுப் போவுமே. உங்க கட்டுலதான் எறக்க செத்துப் போச்சு. எங்கப்பா காலும் அப்படித்தான்."

"உங்கப்பாவையே கேளு" என்றார் டிரஸர்.

இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா மெல்ல எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் வைத்தார். எழுந்தார். ஒரு அடி வைத்துச் சாய்ந்தபோது நானும் கை நீட்டினேன், டிரஸரும் கை நீட்டினார். அப்பா டிரஸரின் கையைப் பிடித்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, காலை எடுத்துத் தலையணைமேல் வைத்தார்.

"கட்டுங்க ஐயா" என்றார்.

என் கண் முன்னாலேயே கட்டினார். எவ்வளவு அழகான கட்டு அது! ஒரு சுருக்கம் இல்லை.

கதவருகில் நின்று, "அந்தப் பறவைங்களையாவது வெளிய விடுங்க. இல்லன்னா நான் சின்ன துரைகிட்டச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விட்டார். அந்த வாரமே விட்டார். மூன்று என்ன ஆயிற்று என்று தெரியாது. பழுப்பு வல்லூறு மட்டும் நடந்தே லயத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் ஓடுகிற கால்வாய் ஓரம் நின்றது. அதைக் கண்டதும் கோழியெல்லாம் கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒரு சேவல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் வல்லூறுக்குப் பக்கத்திலேயே கோழிகள் மேய ஆரம்பித்துவிட்டன. ஒரு கோழி அதன் காலடியில் கிடந்த சோற்றுப் பருக்கையைக் கொத்தியது. லயமே நின்று வேடிக்கை பார்த்தது. முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை. கடைசியில் லயத்து நாய் வந்து கழுத்தைக் கவ்வியது. வல்லூறு அதன் கண்ணைக்கூடக் கொத்தவில்லை.

டிரஸர் வந்து நாயின் வாயிலிருந்து வாங்கினார். தன் கோட்டில் சுற்றினார். அரக்கு ஸ்வெட்டரோடு என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"நீ கேட்ட. நான் விட்டேன்."

அன்று முடிவு செய்தேன். முதலில் சொந்தமாக ஒரு வீடு, பிறகு கட்டை அவிழ்ப்பது. நான் முடிவு செய்தால் செய்ததுதான். கெலிண்டானாக இருந்தவன் லைசென்ஸ் எடுத்தேன். கியா பார்ம் பக்கம் காய்கறித் தோட்டம் தோட்டமாக ஏறி, "என்கிட்டக் குடு, உன் கோஸ் வாடறதுக்குள்ள ஈப்போ பாசார்ல நிக்கும்" என்று சொல்லிச் சரக்குப் பிடித்தேன். பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக்கினேன். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய், தமிழ் முஸ்லிம், என் பேச்சைக் கேட்டே கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார். இத்தனையும் ஒரு வருஷத்துக்குள். வேறு எவன் செய்வான்? அறைச் சாவி கைக்கு வந்த அன்றே லாரியை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹார்ன் அடித்தேன்.

டிரஸர் மறுப்புச் சொல்லவில்லை. அப்பாவைத் தானே தூக்கிவந்து முன் சீட்டில் உட்கார வைத்தார். கட்டை அவிழ்க்கவில்லை. துவைத்துச் சுருட்டிய துணிகளைக் கொஞ்சம் அப்பாவின் மடியில் வைத்தார். "குளிருக்குக் கால் விறைக்கும். பாத்துக்குங்க" என்றார். அப்பா அவர் கையை விடவில்லை. நான் கியரைப் போட்ட பிறகுதான் விட்டார்.

நான் நினைத்தது என்னவென்றால், சொந்த இடத்துக்கு வந்துவிட்டால் மனிதன் தானாக நடப்பான் என்று. அப்பா நடக்கவில்லை. சுவரைப் பிடித்துக் கக்கூசுக்குப் போவார், வருவார். அவ்வளவுதான். தாப்பாவில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். "காலில் ஒன்றும் இல்லை, நடக்கச் சொல்லுங்கள்" என்றார். ஈப்போவில் காட்டினேன். அதேதான். காசு போனால் போகிறது என்று தடவிவிடுகிற ஆளை வைத்தேன். எல்லோருக்கும் அப்பா ஒரே பதில் சொன்னார்: "டிரஸர் ஐயா சொல்லட்டும்." காலையில் எழுந்ததும் தானே கட்டைச் சுற்றிக்கொள்வார். முடிச்சு மட்டும் பின்பக்கம் எட்டாது. என்னைக் கூப்பிடுவார். நான் கட்ட மாட்டேன். பாய் கடையில் ரொட்டி போடுகிறவன் மாவுக் கையோடு வந்து கட்டிவிட்டுப் போவான்.

"அப்பா, இங்க யாரு உன்னை வெளிய போகச் சொல்லப் போறா? இது என் எடம்பா. இப்ப எதுக்கு இந்தத் துணி?"

"இருக்கட்டும்டா. யாராச்சும் கேட்டா காட்டணுமில்ல."

எண்பதுகளின் நடுவில், எனக்கு மூன்றாவது லாரி வந்த வருஷம், அப்பா போனார். அதே அறைக்குப் பின்னால் நான் வீடு வாங்கியிருந்தேன். வாசலில் பந்தல் போட்டு, பழைய எஸ்டேட் ஜனம் மொத்தத்தையும் என் லாரிகளிலேயே ஏற்றிவந்தேன். குறை ஒன்றும் வைக்கவில்லை. டிரஸர் அதற்குள் வேலையை விட்டுத் தைப்பிங்குக்கே போயிருந்தார். யார் சொன்னார்களோ, பஸ் பிடித்து வந்துவிட்டார். ஸ்வெட்டர் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். அவரைக் கண்டதும் பெஞ்சில் இருந்த ஜனம் எல்லாம் எழுந்து நின்றது. என் லாரிகளுக்கு எழுந்து நிற்காத ஜனம்.

குளிப்பாட்டுவதற்காக அப்பாவை நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். காலில் கட்டு இருந்தது. அவிழ்க்க ஒருவன் குனிந்தான். டிரஸர் அவன் தோளைத் தொட்டு விலகச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை, நானும்தான். ஈர மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து முடிச்சைத் தேடினார். பாய் கடை ரொட்டிக்காரன் போட்ட முரட்டு முடிச்சு. நகத்தால் நெம்பிப் பிரித்தார். சுற்றுச் சுற்றாக எடுத்தார். கால் வெளியே வந்தது. குச்சி மாதிரி, மெழுகு நிறத்தில். கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இன்னொரு பக்கம் திருப்பித் தடவினார். தான் தைத்த இடத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு அது கிடைக்கவில்லை.

எழுந்து நின்றார். பழக்கத்தில் அவர் கை அந்தத் துணியை இறுக்கமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் சுருட்டி முடித்திருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

நான் குடத்தைத் தூக்கி அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.